முள் ஏறாத பூஸ்ட் மீட்டர்

எங்கள் காரில் புதிதாக ஒரு கடிகாரம் முளைத்திருக்கிறது. வட்ட முகம், வெள்ளை எண்கள், ஒரே ஒரு சிவப்பு முள். ஆனால் மணி காட்டாது.

"அப்ப எதுக்குடி இது?" என்று மகள் ரேவதியிடம் கேட்டேன்.

"பூஸ்ட் மீட்டர்ம்மா. டர்போ எவ்வளவு காத்து தள்ளுதுன்னு காட்டும்."

டர்போ என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். எஞ்சினை ஒட்டி ஒரு சின்னக் காற்றாடி இருக்கிறதாம். எஞ்சின் விடுகிற புகையிலேயே அது சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊதுமாம். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அடுப்புக்கு ஊதுகுழல். ஊதினால் தீ எழும்பும், வண்டி மேடு ஏறும். ஊதாவிட்டால்... வாகமண் கதைதான்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரேவதி டாக்ஸி ஓட்டுகிறாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலையை விட்டுவிட்டு, ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கினாள். மட்டாஞ்சேரியில் தங்க வரும் டூரிஸ்டுகள்தான் அவளுக்குச் சவாரி. ஏர்போர்ட், ஆலப்புழை, செராய்... எல்லாம் சமதரை. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முதல் மலைச் சவாரி வாகமணுக்கு வந்தது. பாதி மலையில் வண்டி முனகி, இழுக்காமல் நின்றுவிட்டது. வந்தவர்கள் பாவம், இறங்கி நடந்திருக்கிறார்கள்.

மகளுக்குத் துணையாக முன் சீட்டில் போயிருந்த என் கணவர், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"டர்போ போயிடுச்சு. மாத்துறதுக்கு நம்மால ஆகாது. வண்டியை வித்துட்டு மறுபடியும் கடை வேலைக்கே போகட்டும்."

தேவராவில் ஒரு புரோக்கரிடம் பேசியும் வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமைக்கு மூணாறு சவாரி ஒன்று வந்திருந்தது. போவதா, வேண்டாம் என்று சொல்வதா? ரேவதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ரேவதியை அக்கா முறையில் சேச்சி என்று கூப்பிடும் மெக்கானிக் பைஜுதான் வழி சொன்னான். "சேச்சி, சும்மா டர்போ போச்சுன்னு பறஞ்சா எப்படி? ஒரு மீட்டர் வச்சுப் பாக்கலாம். முள் பொய் சொல்லாது."

எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்து மாட்டினான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாயை நடுவில் அறுத்து, மூன்று வாய் உள்ள ஒரு துண்டைச் செருகினான். இரண்டு வாய் குழாய்க்கு. மூன்றாவது வாயில் ஒரு மெல்லிய டியூப். சூடான இடம் எதிலும் படாமல் அதைச் சுற்றிக் கொண்டுவந்து, வயர் போகிற ஓட்டை வழியாகக் காருக்குள் நுழைத்து, மீட்டரின் முதுகில் மாட்டினான். அவ்வளவுதான் வேலை. எங்கள் சந்தில் ஆடு உட்பட எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

ரேவதி ஸ்டார்ட் செய்தாள். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி கத்தியது. முள் சோம்பல் முறித்த மாதிரி லேசாக அசைந்து, திரும்பவும் படுத்துக்கொண்டது.

"பாத்தியா? முள் அசையல" என்றார் இவர், ஏதோ லாட்டரி அடித்த மாதிரி.

மாடி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு சைனபா எட்டிப் பார்த்தாள். எங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம். தமிழும் மலையாளமும் அவள் வாயில் கலந்தே வரும். "எந்தா ரேவதி, வண்டி இங்கே நிக்குது, சத்தம் மட்டும் மூணாறு போகுதே."

பைஜு தலையை ஆட்டினான். "அண்ணாச்சி, நிக்கற வண்டில பூஸ்ட் வராது. லோடு வேணும். ஆளு கேறணும், மேடும் கேறணும்."

ஆளுக்குப் பஞ்சமில்லை. மேட்டுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் மலை என்றால் பாலம்தான். வல்லார்பாடத்திலிருந்து ஏலூர் பக்கம் போகும் கன்டெய்னர் ரோட்டில் பெரிய பாலம் இருக்கிறது, அங்கே போகலாம் என்றான். லோடுக்கு சைனபாவும் அவள் மருமகள்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, சும்மா கிடைக்கிற கார் சவாரி... யார் விடுவார்கள்?

முள்ளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. ரேவதி ரோட்டைப் பார்க்க வேண்டும். பைஜு பின்னால் உட்கார்ந்து, காற்றுக் கசியும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். இவருக்குக் கண்ணாடி போட்டாலும் பெரிய எழுத்துதான் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள் என்றாலும் முப்பது வரை எண்ணத் தெரியும். மீட்டரிலும் முப்பது வரைதான் இருந்தது.

"அம்மா, ஏற்றத்துல முழுசா மிதிச்சா முள் பதினஞ்சு தாண்டி நிக்கணும்" என்று பைஜு பாடம் நடத்தினான். "ஏறிட்டு விழுந்தா குழாயில லீக்கு. ஏறவே இல்லேன்னா டர்போ போச்சு."

பாலம் வந்தது. ரேவதி மிதித்தாள்.

"மூணு... அஞ்சு... எட்டு..." என்றேன்.

"அம்மா, கொஞ்சம் உரக்கச் சொல்லணும்" என்றான் பைஜு பின்னாலிருந்து.

எனக்கு அவ்வளவுதான் சத்தம் வரும். ஆள் கூட இருந்தால் அதுவும் வராது.

எட்டிலிருந்து முள் சரசரவென்று இறங்கியது. மறுபடி ஏறி ஏழு. மறுபடி இறங்கியது. வாகமணில் முனகியதாகச் சொன்ன அதே முனகல்.

"லீக்கு" என்றான் பைஜு. பாலம் தாண்டி நிறுத்தி, பானட்டைத் திறந்து, குழாய் குழாயாகத் தடவினான். கிளிப்பையெல்லாம் திருகிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. வண்டியைத் திருப்பி மறுபடி ஏறினோம். மறுபடியும் எட்டு, மறுபடியும் கீழே.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் இவர். "புரோக்கர்கிட்ட நாளைக்கே வண்டியைக் காட்டிடலாம்."

ரேவதி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மூன்றாம் முறை ஏறும்போதுதான் எனக்குக் கேட்டது.

என் கணவர் மகளின் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி மேட்டில் வேகம் எடுக்க வாயைத் திறந்தால், இவரும் வாயைத் திறக்கிறார். "மெல்ல." ரேவதியின் கால் தூக்குகிறது. முள் விழுகிறது. அவள் மறுபடி மிதிக்கிறாள். "மெல்ல, மெல்ல." முள் விழுகிறது.

நாற்பது வருஷம் மட்டாஞ்சேரி குடோன்களுக்கு மிளகு மூட்டை ஏற்றி வேன் ஓட்டியவர் இவர். கைவண்டி, ஆடு, போட்டோ எடுக்கிற வெள்ளைக்காரர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஊர்ந்தே பழகிய கை. மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து கிளம்பி, மூளைக்குப் போகாமல் நேராக அவள் காலுக்குப் போகிறது. சொல்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, கேட்கிறோம் என்று அவளுக்கும் தெரியாது. வீட்டில் தினமும் சொல்லும் சொல் யார் காதில் விழுகிறது? ஃபேன் சத்தம் மாதிரி, நின்றால்தான் தெரியும்.

வாகமணுக்கும் இவர்தானே துணைக்குப் போனார்?

ஆனால் எப்படிச் சொல்வது? மெக்கானிக் முன்னால், சைனபா முன்னால், அவள் மருமகள்கள் முன்னால் — கட்டின கணவனைப் பார்த்து, ரிப்பேர் வண்டிக்கு இல்லை உங்களுக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புமா? சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வண்டி புரோக்கர் கைக்குப் போகும்.

பாலத்தடியில் ஒரு தட்டுக்கடை இருந்தது.

"ஏங்க..." என்றேன். "காலைலேருந்து ஒண்ணும் குடிக்கலையே. நீங்க இங்க இறங்கி ஒரு சாயா குடிச்சிட்டு நில்லுங்களேன். நாங்க ஒரு தடவை போயிட்டு வந்துடறோம்."

"லோடு குறையுமே அம்மா" என்றான் பைஜு.

"அண்ணாச்சி எந்த லோடு? ஒரு தலகாணி வெயிட்டு" என்றாள் சைனபா. "நான் ரெண்டாளுக்கு இருக்கேன். நீ வண்டியெடு."

அவருக்கு என் அக்கறை பிடித்துப்போயிற்று. இறங்கிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பழம்பொரியும் கேட்டார் போலிருக்கிறது.

பாலம் ஏறினோம். ஐந்து, எட்டு... பாதி மேட்டில் ரேவதியின் கண் தானாகப் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் போனது. அங்கே அவள் அப்பா இல்லை. ஆனாலும் கால் தயங்கியது.

"மிதிடி" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சைனபா முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

முள் பத்தைத் தாண்டியது. பன்னிரண்டு. பதினாறு. அங்கேயே நின்றது. யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையை வைத்துத் தள்ளின மாதிரி முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பாலத்து உச்சியில் காயல் இரண்டு பக்கமும் விரிந்து, துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் கீழே போய்விட்டன. முள் இறங்கவே இல்லை.

"டர்போக்கு ஒரு கேடும் இல்ல" என்றான் பைஜு. பிறகு இவர் உட்கார்ந்திருந்த காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "லீக்கு எங்கேன்னும் கிட்டிடுச்சு" என்றான்.

"அதுக்கு கிளிப்பு கிட்டுமோ பைஜு?" என்றாள் சைனபா.

ரேவதி அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதானே எனக்குக் கொடுத்த வேலை.

திரும்பி வந்தபோது இவர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "என்ன ஆச்சு?"

பைஜு நல்ல பிள்ளை. "ஒரு கிளிப்பு லூசு, அண்ணாச்சி. முறுக்கியாச்சு."

"நான் நெனச்சேன்" என்றார் இவர்.

வம்பு அதோடு முடியவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் மனிதர் குளித்து, சட்டை போட்டு, பையோடு வாசலில் நிற்கிறார். மூணாறுக்குத் துணைக்கு. ரேவதி என்னைப் பார்க்கிறாள். நான் எந்தப் பாலத்தடியில் இறக்கிவிட முடியும்?

"எனக்கு ரெண்டு நாளா வலது கண் மங்கலாத் தெரியுது" என்றேன். "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னை யார் கூட்டிட்டுப் போவாங்க?"

பையை உள்ளே வைத்தார். ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு இடம் பிடித்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகள் எந்த வளைவில் இருப்பாளோ என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். பயத்தைத்தான் இந்த மனிதர் இத்தனை வருஷமாக வேறு சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போது தோன்றியது. பாசத்துக்கு மீட்டர் கிடையாது. இருந்தால் இவருடையது முப்பதைத் தாண்டும். ஆனால் அந்தப் பாசத்தை ஏற்றிக்கொண்டு ஒரு பெண் மலை ஏற முடியுமா?

மத்தியானம் ரேவதி போன் செய்தாள். ஏறிவிட்டாள். யாரும் இறங்கி நடக்கவில்லை. அவள் கொண்டுபோய் விட்ட டூரிஸ்டுகளே அடுத்த மாதம் வேறு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். இவர் உடனே தேவராவுக்குப் போன் போட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அதுவும் ரொம்பக் கண்டிப்பாக, யாரோ பிடுங்க வந்த மாதிரி.

என் கண்ணுக்கு டாக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. என் கணவருக்கும் இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சில் வந்ததும் இதை அவரிடம் கொடுக்கப் போகிறேன் — நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, பெரிய எழுத்தில் போட்டால் அவரே படித்துக்கொள்வார்.