பலாக்காயில் ஆட்டுப் பிரட்டல்

என் மனைவியை ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும். போன வருஷம் எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். அதிலும் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

கர்ப்பப்பையில் கட்டி என்று அறுத்து எடுத்த பிறகு கீமோ ஏற்றத் தொடங்கினார்கள். அதிலேயே அவள் பாதியாகிவிட்டாள். கஞ்சி வைத்தால் குமட்டல். பால் மாவு கலக்கிக் கொடுத்தால் வாந்தி. பருப்பையும் டோஃபுவையும் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டாக்டர் எங்கள் மகளைவிடச் சின்னப் பெண். தராசைப் பார்த்துவிட்டு, எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்து ஏற்ற முடியாது என்றாள். ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

சுங்கை பினாங்கில் உள்ள எங்கள் பிளாட்டுக்குத் திரும்பி அவளைப் படுக்க வைத்தேன். அரைத் தூக்கத்தில், "ஆட்டுப் பெரட்டல் ஒரு வாய் கெடச்சா சாப்புடுவேன்" என்றாள். எனக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. உடனே சட்டையை மாட்டினேன். சாவிச் சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க?"

"பசாருக்கு. ஆட்டுக்கறி வாங்க. நீதான கேட்ட?"

"நான் கேக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் என் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். அன்று அவள் தண்ணீர்மலைக் கோயில் படிகளை வெறுங்காலோடு ஏறிப் போய், நான் பிழைத்தால் சாகிறவரை கவுச்சியைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பிழைத்தேன். அதன் பிறகு முட்டைகூட அவள் வாயில் பட்டதில்லை. ஆனால் எனக்கு மட்டும் வாரா வாரம் ஆட்டுப் பிரட்டல் செய்வாள். தான் ருசி பார்க்க முடியாது என்பதால் கரண்டியை என் வாயருகே நீட்டி, "உப்பு பாருங்க" என்பாள். நானும் வெட்கமில்லாமல் பார்த்தேன்.

நாடி பிடித்துப் பார்க்க, எனக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தினமும் காலையில் காப்பியை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடிப்பாள். ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அடுப்படிக்குத் திரும்புவாள். சாமி சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று அவளுக்குத் தினமும் சோதிக்க வேண்டும்.

"சாமி மன்னிக்கும்லா. மருந்துன்னு நெனச்சி சாப்புடு" என்று கெஞ்சினேன்.

"சாமி என்னய மன்னிக்கும். ஒங்க நெஞ்ச என்னா செய்யும்?"

"என் உசுரு போனா போவட்டும்!"

"அது நான் கேட்டு வாங்கிட்டு வந்தது. நீங்க என்னா போவட்டும்னு சொல்றது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு நாளைக்கு ஒன்கிட்ட சொல்லாம கொள்ளாம கறியப் போட்டுக் குடுத்துடுவேன் பாரு" என்று கத்தினேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

கறியில்லாமல் கறி செய்வது என்று முடிவு செய்தேன். சீனர் சைவக் கடையில் விற்கும் சோயா ஆட்டுக்கறியை முதலில் வாங்கி வந்தேன். மென்று பார்த்துவிட்டு, "செலிப்பார் மாதிரி இருக்கு" என்றாள். கால் செருப்பைத்தான் சொன்னாள். சரி, காய்கறியிலேயே செய்வோம் என்று இறங்கினேன். காளான் வாணலியில் தண்ணீர் விட்டுச் சுருங்கிப் போனது. வாழைப்பூ கறுத்துக் கசந்தது. பிஞ்சுப் பலாக்காயை வேகவைத்து மசாலாவில் போட்டேன், கூழாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் எனக்காக ஒரு கவளம் வாயில் வைப்பாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அந்தப் பொய்யைக் கேட்பதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவள் கன்னத்து எலும்பு நாளுக்கு நாள் வெளியே வந்துகொண்டிருந்தது. குளிக்க வைக்கும்போது முதுகைத் தேய்க்கவே பயமாக இருக்கும். எனக்காக வாயைக் கட்டியவள் என் கண் முன்னால் பட்டினியில் போய்க்கொண்டிருந்தாள். அன்று அந்த ஆபரேஷன் மேசையிலேயே நான் போய்ச் சேர்ந்திருந்தால் இவள் இன்று ஒரு துண்டு கறி தின்று பிழைத்திருப்பாளே என்று நினைத்து நினைத்து அழுதேன். அழுதுகொண்டே பலாக்காய் வெட்டினேன். கையெல்லாம் பால் பிசுபிசுத்து ஒட்டியிருக்க, கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை.

தலையால் தண்ணீர் குடித்து ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். பலாக்காயை அரை வேக்காட்டில் எடுத்து, துணியில் கட்டிப் பிழிந்து, நாராகப் பிய்த்து வெயிலில் காய வைத்தேன். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் வெள்ளையெல்லாம் போய், இழுத்தால் நீளுகிற பசை கையில் மிஞ்சும். நாரை அந்தப் பசையோடு சேர்த்து உருட்டி, வாழையிலையில் இறுகச் சுற்றி ஆவியில் வேக வைத்தேன். ஆறியதும் கையால் துண்டு துண்டாகப் பிய்த்தேன். காய்ந்த காளான் ஊறிய தண்ணீரில் போட்டு எடுத்து, சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு எல்லாம் சேர்த்துச் சுருளப் பிரட்டினேன். அவள் கைப் பக்குவம்தான். வருஷக்கணக்காக உப்புப் பார்த்தவனுக்கு அதுகூடத் தெரியாதா?

ஒரு துண்டை வாயில் போட்டேன். நானே அசந்து போனேன்.

அவளுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். மென்றாள். கண் விரிந்தது. இன்னும் மென்றாள், விழுங்கினாள். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். அந்தக் கவளத்தையும் மென்றவள் சட்டென்று நிறுத்தி, உள்ளங்கையில் துப்பினாள். நார் நாராகக் கிடந்ததை உற்றுப் பார்த்தாள்.

"என்னாங்க செஞ்சீங்க?" என்றாள். "ஐயோ, முழுங்கிட்டேனே!"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பலாக்காய்தான் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. காட்டலாம் என்றால், வெட்டிய தோலும் நடுத்தண்டும் கீழே குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டிருந்தன. "சொல்லாம கொள்ளாம போடுவேன்னு சொன்னீங்கல்ல?" என்றாள். அன்று அதற்குப் பிறகு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊட்டுகிற கையையே நம்பாதவளுக்கு இனி எதை ஊட்டுவது? எல்லாம் முடிந்துவிட்டது என்று அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பசாருக்கு ஓடினேன். பாலிக் புலாவிலிருந்து காய் கொண்டுவரும் மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக், எப்போதும் போல வெட்டிக் கொடுக்கக் கத்தியை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்து முழுக்காயாக வாங்கி வந்தேன்.

மெத்தை நாற்காலியை அடுப்படியில் போட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். கனமே இல்லை. ஜன்னல் கதவைத் திறந்தேன், கறி எதுவும் இல்லை என்று ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினேன். காயை அவள் மடியில் வைத்தேன். முள்ளைத் தடவிப் பார்த்தாள். திரும்ப வாங்கி வெட்டினேன். பால் ஒழுகியது. வேக வைத்தது, பிழிந்தது, மாவைக் கழுவியது எல்லாவற்றையும் ஒரு பாட்டம் அவள் முன்னால் செய்தேன். நார் ஜன்னல் வெயிலில் காயும்வரை அவளும் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் பழக்கதோஷத்தில், "உப்பு பாருங்க" என்றாள். பார்த்தேன். சரியாக இருந்தது.

ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். அவள் முதலில் என் வலது மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். மெதுவாக மென்றாள். தட்டைப் பார்க்கவில்லை, என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினாள். விரலை எடுக்காமல் காத்திருந்தாள். நானும் மூச்சு விடாமல் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள்.

வலது கையை அவள் விடவில்லை. இடது கையால் சோற்றுப் பருக்கை எடுத்தாலே சண்டைக்கு வருகிறவள் அவள். அன்று இடது கையால்தான் பரிமாறினேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.