ஏரிக்கரையில் கவிழ்த்த சட்டிகள்

திண்டிவனம் தாலுகா ஆபீஸ் வாசலில், புளியமரத்தடியில் மனு எழுதிப் பிழைத்தவன் நான். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. என் கோபத்துக்கு மட்டும் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. என் கையெழுத்தைப் பற்றி எனக்கிருந்த பெருமையை என் மனைவி தலைக்கனம் என்பாள். கனமோ என்னவோ, ஒலக்கூர் பக்கத்திலிருந்துகூட அந்தக் கையெழுத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

ஓர் அறுப்புக் காலத்தில் இருளர் கணவன் மனைவி இருவர் வந்தார்கள். வயலில் எலி பிடிப்பது அவர்கள் தொழில். ஓட்டைச் சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி, எலி வளையின் வாயில் கவிழ்த்து, ஓட்டை வழியாக ஊதுவார்கள். புகை தாங்காமல் எலி வெளியே ஓடிவரும். பிறகு வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கிடைக்கும். காலங்காலமாக அது இருளருக்குத்தான். அந்த வருஷம் பெரிய நிலக்காரரின் காரியஸ்தர் அதையும் பிடுங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சவுக்கடி.

"எலி திருடனது எங்க நெல்லு, அத்த எடுக்கறதும் நாங்கதான்றாரு சாமி," என்றாள் அந்தப் பெண்.

"அப்போ எலி மேல கேஸ் போடச் சொல்லு!" என்று கத்தினேன். கத்திவிட்டு, சப் கலெக்டருக்கு மனு எழுதினேன். அவர்கள் குடியிருப்புக்கே போய்ப் பதினோரு பேரிடம் கைநாட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்கரை வழியாகத் திரும்பினேன். துண்டால் முகத்தை மூடிய மூன்று பேர் வழிமறித்தார்கள். தடியடி. வலது மணிக்கட்டு முறிந்தது. மண்டையில் ஒன்று விழுந்ததோடு எனக்கு நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. பை தலைமாட்டில் பத்திரமாக இருந்தது. என் மனைவி சொன்ன சேதியில் தலைவலியே மறந்துபோயிற்று. பக்கத்து வயலில் எலிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்த மனு கேட்டு வந்த அந்த இருளர்தான் சத்தம் போட்டு அடித்தவர்களை விரட்டிவிட்டு, என்னை முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் உடம்பெல்லாம் என் ரத்தம். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? அடித்தவன் நீதான் என்று அவரையே லாக்கப்பில் போட்டுவிட்டார்கள்.

கட்டுப் போட்ட தலையோடு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"மூஞ்சிய மூடிக்கினு இருந்தாங்கன்னு நீங்கதானே சொல்றீங்க? அப்போ அவன் இல்லன்னு எப்பிடித் தெரியும்?" என்றார் ஏட்டு. உள்ளேயிருந்து முனகல் சத்தம் கேட்டது.

வாக்குமூலம் கேட்டார்கள். அந்த நேரத்திலும் என் புத்தி போகுமா? "மூவரையும் எதிர்த்து, நின்ற இடத்தைவிட்டு நகராமல் போராடினேன்" என்று சொல்லிவைத்தேன். அதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "சிங்கந்தான் போங்க," என்று என் மனைவி மூக்கால் சிரித்தாள்.

மறுநாள் இருளர் பெண் வந்தாள். "சாமி, அந்த எடத்துல காலடிங்கள மூடி வச்சிருக்கேன். பெரிய அதிகாரி யாரனா வந்து பாத்தா, எங்க வூட்டுக்காரரு அடிக்கலன்னு நான் காட்டுவேன்."

இடது கையால் மாஜிஸ்திரேட்டுக்கு மனு எழுதினேன். கோழி கிளறின மாதிரி நாலு வரி. அதைப் படிக்க முடியாமல்தான் அவர் நேரிலேயே கிளம்பி வந்தார் என்று என் மனைவி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. இருளர் பெண் குடியிருப்பிலிருந்த எலிச் சட்டிகளையெல்லாம் கொண்டுவந்து ஈர வண்டலில் பதிந்த ஒவ்வொரு காலடி மேலும் கவிழ்த்திருந்தாள். வண்டிகள் ஏறிவிடக் கூடாதே என்று, வழியை மறித்து முன்வரிசையில் ஏழு சட்டி. ஏழுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து வேப்பிலை செருகியிருந்தாள். இருளர் கும்பிடும் கன்னிமார் ஏழு பேர். அந்தச் சட்டிகளைப் பார்த்த வண்டிக்காரன் ஒருவன்கூட அந்தப் பக்கம் மாட்டைத் திருப்பவில்லை.

காரியஸ்தரும் வேடிக்கை பார்ப்பவர்போல வந்தார். "ஜல்தியா முடிச்சிட்டு வழிய வுடுங்க," என்று அதட்டிக்கொண்டே வந்தவர் ஏழு சட்டியைக் கண்டதும் சட்டென்று நின்றார். கிருத்திகை தவறாமல் மயிலம் முருகன் மலை ஏறுகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் அதைப் பார்த்தாள்.

மாஜிஸ்திரேட் தலையசைத்ததும் ஒவ்வொரு சட்டியாக எடுத்தாள்.

"மூணு பேரு சாமி. ரெண்டு பேருக்குக் குதிகால்ல வெடிப்பு, கூலியாளுங்க. மூணாவது ஆளு செருப்பு போட்டுப் பழகனவரு, வெடிப்பே இல்ல; அன்னிக்கிக் கழட்டிட்டு வந்துக்கீறாரு. எடது காலு சுண்டுவெரலு மண்ணுல படவேயில்ல. இது எங்க வூட்டுக்காரரு. வயலுலேர்ந்து வரப்போ மேலாக்கத்தான் பதிஞ்சிருக்கு. ரோட்டுக்குப் போவறப்போ ஆழமா பதிஞ்சிருக்கு, சொமையத் தூக்கிக்கினு போறாரு." அப்புறம் என்னைப் பார்த்தாள். "இது மனு எழுதற சாமி. இங்கேர்ந்து ஓடறாரு. முன்காலு மட்டுந்தான் பதிஞ்சிருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் மேற்கொண்டு என்னவோ சொன்னாள், சிரிப்பில் கேட்கவில்லை.

காரியஸ்தர் துள்ளிக் குதித்தார். "கேட்டீங்களா எசமான்! அவரு நின்னு சண்ட போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. இவ ஓடனாருன்றா. இது பொய்யின்னா இவ சொல்றது அத்தனையும் பொய்தான!"

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "நீர் நின்றீரா, ஓடினீரா?"

நான் சிங்கக் கதை சொன்ன அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள். என் மனைவியும் நின்றிருந்தாள். நான் நின்றேன் என்றால் இருளர் பெண்ணின் சொல் பொய். அவள் புருஷன் ஜெயிலுக்குப் போவார்.

"ஓடினேன் ஐயா," என்றேன். "உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். வாக்குமூலத்தில் சொன்னதுதான் பொய்."

இன்னொரு தரம் சிரித்தார்கள். காது சுட்டது. என் வாழ்நாளில் அதைவிட அவமானப்பட்டதில்லை.

சிரிப்பு அடங்கும் முன்பே அவள், "இப்போ கன்னிமாரக் கும்புட்டாரே, அந்தக் காலடியையும் பாத்துடுங்க சாமி," என்றாள். ஏழு சட்டிக்கு முன்னால் ஈர மண்ணில் புத்தம் புதிய இடது கால். நாலே விரல். காரியஸ்தர் அவசர அவசரமாகச் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். ஏட்டு வந்து அவர் கையைப் பிடித்தார்.

அன்று மாலையே அவள் கணவரை விட்டுவிட்டார்கள். முதுகை நிமிர்த்த முடியாமல் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முதலில், "கையி எப்பிடி இருக்குது சாமி?" என்றுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியஸ்தருக்குப் பிற்பாடு தண்டனை கிடைத்தது. ஏவிவிட்ட நிலக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் மனு சப் கலெக்டரிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த அறுப்பில் வளை நெல்லைப் பிடுங்க யாரும் வரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் அவளிடம் கேட்டேன். "ஏம்மா, என் காலடிய மட்டும் ஒரு மிதி மிதிச்சு அழிச்சிருக்கக் கூடாதா?"

"அத்த எப்பிடி சாமி அழிக்கறது? நீங்க ஓடனது பனமரம் வரைக்குந்தான். பை வுழுந்த எடத்துக்குத் திரும்பி வந்துக்கீறீங்க. அப்பறந்தான் அடி வுழுந்துருக்குது. அதையும் அங்கியே சொன்னேன். அல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க, யாரும் கேக்கல."

பையில் பதினோரு கைநாட்டு இருந்தது. அது காரியஸ்தர் கையில் கிடைத்திருந்தால் அந்தப் பதினோரு பேரும் என்ன ஆகியிருப்பார்கள்?

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை.

"ஓடனத மறைக்கப் போயி, திரும்பி வந்ததையும் சேத்து மறைச்சிட்டீங்களே, மண்டு!" என்றாள்.