நெற்றியில் தொண்ணூற்றெட்டு

ரெண்டு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு நூற்றியொரு டிகிரி காய்ச்சல், தொண்டையில் கரகரப்பு. ஆனாலும் சூலூர் போயே ஆகவேண்டும்!

ஏன்? அங்கே விசைத்தறி போட்டிருக்கும் என் நண்பன் பழனிச்சாமிக்கு கிட்னி மாற்று ஆபரேஷன். கொடுத்தது அவன் மனைவி சரோஜா. சொந்தபந்தம் எல்லாம் பார்த்துவிட்டு வந்தாயிற்று. நான் மட்டும் போகவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைப் பார்க்காவிட்டால்... பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள்.

ஒரு மாத்திரை போட்டேன். காய்ச்சல் காணோம். ஆரஞ்சுப் பையோடு கிளம்பிவிட்டேன். நீங்களும் இப்படிக் கிளம்பியிருப்பீர்கள்தானே?

வாசலிலேயே சரோஜா என் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் மெஷினைப் பிடித்தாள். தொண்ணூற்றெட்டு!

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா... இந்த மாஸ்க்கையும் போட்டுக்கிறீங்களாங்க?"

"அதான் மெஷினே பாஸ் போட்டுருச்சே அம்மணி!"

அவள் விலகி வழிவிட்டாள். மாஸ்க் என் பாக்கெட்டுக்குப் போனது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஜோக்கடித்தேன்.

"ஏப்பா, இருமறே?" என்றான் பழனிச்சாமி.

"எல்லாம் உன் தறிப் பஞ்சுதான்டா!"

பத்தாம் நாள் அவன் ஐசியூவில். நிமோனியா. நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"காய்ச்சல்கூட வரலீங்களே டாக்டர்..." சரோஜா அழுதாள்.

"காய்ச்சல், உடம்புவலி எல்லாம் பெரும்பாலும் வைரஸ் செய்யறதில்லைங்க. வைரஸோட நம்ம உடம்பு போடற சண்டை அது. புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்கக்கூடாதுன்னு அந்தச் சண்டையைத்தான் மருந்து குடுத்து அடக்கி வெச்சிருக்கோம். சளி இருமலோட யாராச்சும் ஊட்டுக்கு வந்தாங்களா?"

அவன் உடம்புக்குக் கத்தத் தெம்பில்லை. என் உடம்பு கத்தியது. நான்தான் மாத்திரையால் வாயை அடைத்தேன். அடங்கியது காய்ச்சல் மட்டும். வைரஸ் என்னோடு சூலூர் பஸ் ஏறிவிட்டது.

சரோஜா என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "தெரியலீங்க" என்றாள் டாக்டரிடம்.

பழனிச்சாமி பிழைத்துவிட்டான். நிமோனியாவோடு போராட அந்த மருந்தைக் குறைக்க வேண்டியதாயிற்று; அவள் கொடுத்த கிட்னி பிழைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

நேற்று போன் செய்தேன். சரோஜாதான் எடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, உங்க இருமல் நல்லாயிருச்சுங்களா?"

திட்டியிருக்கலாம்... அதற்காவது ஒரு மாத்திரை போட்டுத் தாங்கியிருப்பேன்.