மூடி திறக்காத கலர்

மலேசியாவிலிருந்து திருச்சபைத் தொண்டராக நான் மேலூருக்கு வந்த புதிது. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு உபவாசம். பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அதை வெளியே சொல்லிக்கொள்வதும் பிடிக்காது.

அப்படியொரு வெள்ளியன்று, காலனியில் பாண்டியம்மா அக்காவின் காய்ச்சலாகக் கிடந்த மகளைப் பார்க்கப் போனேன். அக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாங்க்கா" என்றேன்.

பழகிப்போனவர்போலச் சிரித்தார். "கடையில கலர் வாங்கியாரேன் தாயி. மூடி தெறக்காதது. அதைக் குடிப்பீகள்ல?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பே கூசிப்போனது. சாதி பார்த்து அந்த வீட்டில் கைநனைக்காதவர்களில் ஒருத்தியாக என்னையும் நினைத்துவிட்டார்.

டம்ளரை வாங்கி மடமடவென்று முழுவதும் குடித்தேன். பிறகுதான் உபவாசத்தைச் சொன்னேன்.

"அடி ஆத்தி! வெரதம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சாமி கோவிச்சுக்காதா?" என்று பதறினார்.

"கோவிக்க மாட்டார்க்கா. இன்னொரு டம்ளர் குடுங்க."

அடுத்த வெள்ளி நான் போனபோது அவர் தண்ணீர் தரவில்லை. நிறைத்த டம்ளரைத் தட்டால் மூடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை என்னோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.