வழிவிட்டுக்கொண்டே இருந்தவர்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியதும் கதிர்காமம் முகாமுக்கு என் மகளை அழைத்துப் போனேன். ஊசி அவளுக்கு, இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறியது எனக்கு. எங்களுக்கு முன்னால் கனகசெட்டிக்குளத்து மீனவர் ஒருவர், வெயிலில் கறுத்த பெரிய உடம்பு, மகளோடு நின்றார். தன் முறை வரும்போதெல்லாம் "நீங்க போங்க" என்று பின்னால் இருப்பவருக்கு வழிவிட்டார். எனக்கும் விட்டார்.

"மெதுவா போறேண்ணே. ஊசியப் பாத்தா நான் மயங்கிடுவேன், பொண்ணுதான் தூக்கிட்டுப் போவணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன வருசம் இவ அம்மா ஊசி போட்டுக்கறேன்னா. ஜுரம் வந்தா மீன் விக்கப் போவ முடியாது, மீன்பிடித் தடைக்காலத்துல வேல இருக்காது, அப்ப போட்டுக்கன்னு நான்தான் சொன்னேன். தடைக்காலம் வர்றதுக்குள்ள கொரோனாவுல போயிட்டா."

"அப்ப இவளுக்கு இன்னிக்கே போட்டுடுங்கண்ணே. டாக்டர்கிட்ட வேணா கேளுங்க."

"கேட்டேன். போடுன்னுதான் சொல்றாரு. ஆனா சரின்னு நான்தான சொல்லணும்? இவளுக்கும் ஒன்னு ஆச்சுன்னா, அதுவும் என் வாயால வந்ததா போயிடும்."

அவர் விட்ட வழியில் நான் என் மகளோடு உள்ளே போனேன். என் மகள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் வரிசையை விட்டு விலகி, தன் மகளைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். ஊசிக்காக மடித்துவிட்ட சட்டைக் கையை அந்தப் பெண் இன்னும் இறக்கிவிடவில்லை.