தெற்கு முனை, மூன்றாவது ஆணி

1. மேட் கட்டுவது

சங்கரன்கோவிலில் இருபத்தெட்டு வருஷம் கிரவுண்ட்ஸ்மேன் வேலை பார்த்தேன். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கிற தம்பிகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் கிரவுண்டில் புல் விக்கெட் கிடையாது. செம்மண்ணை நனைத்து, ரோலர் போட்டு இறுக்கி, அதன்மேல் கயிற்று மேட்டை விரித்து, இரண்டு ஓரத்திலும் அரை முழ இரும்பு ஆணி அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். நாடாக் கட்டில் மாதிரி விறைப்பாக இருந்தால் பந்து ஒழுங்காக வரும். ஓர் ஆணி தளர்ந்தால் அந்த இடத்தில் சுருக்கம் விழும். சுருக்கத்தில் குத்துகிற பந்து எங்கே போகும் என்று போட்டவனுக்கே தெரியாது.

இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவர்தான், ஓப்பனிங் பேட்ஸ்மேன் கோமதிநாயகம். விசைத்தறியில் ஷிப்டு ஓட்டிவிட்டு வந்து ஆடுவார். புதுப் பந்தை அடிப்பதைவிட விடுவதில்தான் அவருக்குப் பேர். ஆஃப் ஸ்டம்பை உரசுகிற மாதிரி போகிற பந்தை, பேட்டைத் தூக்கிக்கொண்டு பார்த்தபடி நிற்பார். பார்க்கிற நமக்குத்தான் ஸ்டம்ப் போய்விட்டது என்று தோன்றும். அவர் ஆடுகிறார் என்றால் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தெல்லாம் பைக்கில் ஆள் வரும். வெளியூர் மேட்சுக்கு நானும் கூடப் போவேன். அங்கே அம்பயரிடம் கேட்டு, நிற்கிற இடத்தைக் குறித்துக் கார்டு எடுப்பதற்கு முன்னால் மேட்டின் இரண்டு ஓரமும் நடந்து, ஒவ்வோர் ஆணியையும் காலால் உதைத்துப் பார்ப்பார். பந்தல்காரர் வந்துவிட்டார் என்று எதிர் டீமில் கேலி பண்ணுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

2. அன்றைய ஃபைனல்

நான் சொல்ல வந்த டோர்னமென்ட் ஃபைனல் எங்கள் ஊரில் நடந்தது. பத்து நாள் கழித்துக் கோமதிநாயகத்துக்கு மெடிக்கல் டெஸ்ட். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை, செலக்‌ஷன் முடிந்துவிட்டது. உடம்பையும் கண்ணையும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வயது வரம்பு தாண்ட அவருக்குச் சில மாதங்களே இருந்தன. தறியை விட்டு அந்தக் குடும்பம் வெளியே வர அது ஒன்றுதான் வழி.

டாஸ் ஜெயித்து எதிர் டீம் பேட்டிங் எடுத்தது. எங்கள் கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வே முத்தையா, நம்ம ஸ்பீடு பவுலர் வடக்க இருந்துதான் போடுதான். தெக்கு முனைல, பந்து குத்துற எடத்துக்கு நேரா ரெண்டு ஆணிய லேசா தளத்தி விடும். நம்ம பேட்டிங் வரும்போது அடிச்சிக்கிடலாம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கப்பு நம் ஊருக்கு வர வேண்டும் என்ற வெறி எனக்கும் இருந்தது. மேட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்து, மூன்றாவது ஆணியையும் நான்காவதையும் பிடுங்கி, அதே குழியில் பேருக்குச் செருகினேன்.

அவர்கள் எண்பத்தேழுக்கு ஆல் அவுட். ஒருத்தருக்குக் கட்டைவிரல் பிளந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இடைவெளி பத்து நிமிஷம். சுத்தியலோடு ஓடினேன். ஒரு தடவை பிடுங்கிய ஆணி பழைய குழியில் நிற்காது. நாலு விரல் தள்ளி, சாய்த்துப் புதுசாக அடிக்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது. நான்காவதை அப்படித்தான் அடித்தேன். மூன்றாவதுக்கு வரும்போது, மழை மேகத்தைப் பார்த்து அம்பயர்கள் சீக்கிரமே இறங்கிவிட்டார்கள். ஆணியை ஏன் இடம் மாற்றுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? பயத்தில் பழைய குழியிலேயே இறக்கி, மண்ணைக் காலால் மிதித்துவிட்டு வந்தேன். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது.

கோமதிநாயகம் இறங்கினார். நேரே போய்க் கார்டு எடுத்தார். ஆணி எதையும் உதைக்கவில்லை. மழை அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது ஓவர். மீடியம் பேஸ்தானே என்று ஹெல்மெட் போடாமல் தொப்பியோடு நின்றார். முட்டிக்கு வர வேண்டிய பந்து முகத்துக்கு எகிறி இடது கண்ணில் பட்டது. சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோனோம். அவர் தலை என் மடியில்தான் இருந்தது. கண் தங்கும், பார்வை வராது என்று டாக்டர் சொன்னார். மெடிக்கல் டெஸ்ட் அன்று அவர் கட்டோடு படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கேப்டன் என்னை ஓரமாக இழுத்தார். "மேட்டுக்கு அடில கல்லு கெடந்திருக்கும்னு சொல்லிக்கிடலாம் வே. வாயத் தெறக்காதீரும்."

நான் திறக்கவில்லை.

3. ஒன்பது வருஷம் கழித்து

ரிட்டயர் ஆன மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கண்ணுக்கு இழை அறுந்தது தெரிவதில்லை என்று தறியை விட்டுவிட்டு, தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலைக்கு மாறியிருந்தார். ஓடுகிற மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

அவர் மெஷினை நிறுத்தினார். "எந்த ஆணி அண்ணாச்சி?"

"தெக்கு முனை. கெழக்கு ஓரம். மூணாவது."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"வெளியூர்னா ஒவ்வொரு ஆணியா உதைச்சுப் பாப்பேன். இங்கன ஒரு நாளும் பாத்ததில்ல. நீங்க கட்டின மேட்டுல்லா."

மறுபடி மெஷினைப் போட்டார். நான் எழுந்து வந்தேன்.

தம்பிகளே, மேட் கட்டுகிறவனுக்கு நம் டீம், எதிர் டீம் என்று இரண்டு கிடையாது. அன்று கட்டைவிரல் பிளந்து போனவரின் பேரைக்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்தப் பாவமும் என் கணக்கில்தான். யார் சொன்னாலும் ஆணியில் கை வைக்காதீர்கள். உங்கள் மேட்டில் ஒருவர் ஆணியை உதைத்துப் பார்த்தால் கோபப்படாதீர்கள். உதைத்துப் பார்க்காமல் ஒருவர் கார்டு எடுத்தால், ஓடிப்போய் நீங்கள் உதைத்துப் பாருங்கள்.