காலேபுக்காகச் சபை ஜெபித்த ஞாயிறு

சிட்லபாக்கத்தில் பியூலா டீச்சரிடம் கணக்குப் படித்த நாங்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி வணக்கம் சொல்வோம். ஆனால் அவர் வீட்டுக்குள் அவர் பேச்சு எடுபடாது. பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதுகூட அவர் கணவர் சாலமோன் சார் முடிவுதான். முப்பத்தைந்து வருஷமாக இப்படி.

அவர்கள் வீட்டு நாய் காலேப். தெருவில் பெட்டை நாய்க்குப் பருவம் வந்துவிட்டால் சுவர் தாண்டி ஓடிவிடும். கடைசியாக ஓடியபோது ஜிஎஸ்டி ரோட்டில் வேன் இடித்து, பின்னங்காலில் ஒன்பது தையல்.

"கருத்தடை பண்ணிடுங்க. அடுத்த தடவை எங்கிட்ட தூக்கிட்டு வர நாய் இருக்காது" என்றார் கால்நடை டாக்டர்.

சார் மசியவில்லை. "ஆண்டவர் குடுத்ததை எடுக்க நாம யாரு? அது ஒரு ஆம்பளைக்குத்தான் புரியும்."

"உங்க ஹெர்னியா ஆபரேஷனுக்கு அவர்கிட்ட கேட்டுட்டா போனீங்க?" என்றார் டீச்சர். சார் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

கால் ஆறியதும் காலேப் மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தது. சாரிடம் சொல்லாமல் டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார் டீச்சர். அந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டார்: 'வியாழக்கிழமை காலேபுக்கு ஆபரேஷன். ஜெபிக்கவும். பியூலா சாலமோன்.'

போதகர் பேரப்பிள்ளை என்று நினைத்து உருகி ஜெபித்தார். சபையே கண்ணை மூடியிருக்க, சார் மட்டும் திருதிருவென்று முழித்தார். ஆராதனை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல ஒரு கூட்டம். சபையே ஜெபித்த ஆபரேஷனை எந்த முகத்தோடு நிறுத்துவது? வியாழக்கிழமை அவரே ஆட்டோ பிடித்தார். ஆனால் இரண்டு மாசம் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு காலையில் வாசலில் ஒரு பெட்டை நாயைச் சுற்றித் தெரு நாய்கள் அத்தனையும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. கேட் திறந்தே கிடந்தது. காலேப் போய் எட்டிப் பார்த்தது. கொட்டாவி விட்டது. திரும்பி வந்து சார் காலடியில் படுத்துக்கொண்டது. சார் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

"காலேப் நல்லா இருக்கான். அவன் எங்க வீட்டு நாய்." சபை சிரித்து ஓயும்வரை காத்திருந்தார். "ஆபரேஷன் வேணாம்னு அடம் பிடிச்சது நான். பியூலா சொன்னதுதான் சரி. இதை நான் வீட்லயும் சொன்னதில்ல."

பெண்கள் பக்கமிருந்து டீச்சர் "ஆமென்" என்றார். வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை.